மலைத்தோட்டத்தில் குடும்பம் என்னும் சொல்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன் வீதியில் நிற்போர்க்கு ஒரு காட்சி தவறாமற் கிடைக்கும். கையில் தூக்குச்சட்டியுடன் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுவர், போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வர், மாலையில் மலையிறங்குவர். அவர்கள் வீட்டில் விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளைப் பகலெல்லாம் பேணுபவர் யார்? இவ்வினாவின் விடையைத் தேடிச் சென்றால் இடுக்கி மலைநாட்டின் வரலாறு ஒன்று நம்முன் விரிகின்றது. அரசரும் போரும் அதில் இல்லை. பிள்ளை, தாய், பாட்டி ஆகிய மூவரே அதன் மாந்தர்.

1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். காடு திருத்தப்பட்டுத் தேயிலை வேரூன்றியபோது, அதற்கு வேண்டிய கைகள் பெரும்பாலும் மலைக்குக் கிழக்கேயுள்ள தமிழ்ச் சீமையிலிருந்தே வந்தன. கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். தனியாளைக் காட்டிலும் குடும்பத்தோடு வருவோரையே தோட்டம் விரும்பியது. ஏனெனில், கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். வந்தவர்க்கு வரிசையாகக் கட்டிய லயங்களில் ஓர் அறை கிடைத்தது. கடையும் மருந்தும் பள்ளியும் தோட்டத்திற்குள் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

தாய் மலைச்சரிவில் நிற்கும்போது பிள்ளை எங்கே இருப்பது? நிழல்மரக் கிளையில் கட்டிய புடவைத் தூளியில் சில காலம் இருந்தது. பிறகு லயத்தில் தங்கிய கிழவியரிடம் சேர்ந்தது. கூடை சுமக்கும் வயது கடந்த அம்முதியவர்களே மலைநாட்டின் முதற் குழந்தைக் காப்பாளர்கள் எனின் மிகையாகாது. அவ்வேலைக்குக் கூலி கிடையாது. அதை வேலையென்று எவரும் எண்ணவும் இல்லை.

விட்லி தலைமையில் அமைந்த ராயல் தொழிலாளர் கமிஷன் 1931-இல் அளித்த அறிக்கையில் தோட்டத் தொழிலாளர் நிலையும் ஆராயப்பட்டது. 1946-இல் ரேகே என்பார் இந்தியத் தோட்டத் தொழிலாளர் நிலைமை பற்றித் தனியறிக்கை தந்தார். மறுஆண்டு மேஜர் லாயிட் ஜோன்ஸ் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவ வசதி எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று எழுதினார். இவற்றின் பயனாகவே 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பிறந்து, 1954 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பு, மருத்துவம், பள்ளி ஆகியவை அதுவரை தோட்ட முதலாளியின் மனம்போல நடந்தவை, அன்றுமுதல் கடமையாயின. பெண் தொழிலாளர் ஐம்பதின்மர் இருக்கும் தோட்டத்தில் அவர்தம் குழந்தைகளுக்குத் தனி அறைகள் வேண்டும். அவை காற்றும் வெளிச்சமும் உடையனவாய், தூய்மையாய் இருத்தல் வேண்டும். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற ஒரு பெண் அவற்றின் பொறுப்பை ஏற்றல் வேண்டும். இலங்கைத் தோட்டத் தமிழர் இத்தகைய இடத்தைப் பிள்ளைமடுவம் என்பர். நல்ல சொல், நம் சட்டத் தமிழில் அதற்கு இடம் கிடைக்கவில்லை என்பதில் நமக்குச் சிறிது வருத்தமே.

தேவிகுளமும் பீருமேடும் எந்த மாநிலத்தைச் சேர்வது என்ற வாதம் அக்காலத்தில்தான் ஓங்கியிருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் அவை கேரளத்தோடு நின்றன. 1972-இல் இடுக்கி மாவட்டம் அமைந்தபோது அதற்குள் வந்தன. ஆயினும் அது மத்தியச் சட்டமாதலின், எல்லைக்கு இருபுறமும் தொட்டிலுக்கு உரிய விதி ஒன்றாகவே இருந்தது.

இனி, நம் கட்டுரையின் தலைப்பாகிய சொல்லுக்கு வருவோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குக் குடும்பம் என்பது ஐயமே தராத சொல். ஆயின் சட்டத்தின் பொருள்விளக்கப் பகுதியை ஒருமுறை ஊன்றிப் படித்தபோது நாம் திகைத்து நின்றோம். வீட்டு வசதியும் மருத்துவ உதவியும் தொழிலாளரின் குடும்பத்திற்கும் உரியவை. அக்குடும்பம் யாது? கணவன் அல்லது மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள். அதன் பின்னர் ஒரு தொடர்: தொழிலாளர் ஆணாக இருப்பின், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோரும் அதில் அடங்குவர். கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகளாக இருந்த தொழிலில், பெண்ணின் தாய் அவளுடைய குடும்பத்தில் சேரவில்லை. மகளின் பிள்ளையைத் தோளிற் சுமந்து வளர்த்த கிழவிக்கு மகளின் பெயரால் மருந்து பெறும் உரிமை கிடையாது. அப்பிள்ளைக்கு அறையும் ஆயாவும் வேண்டுமென்று கூறிய அதே சட்டந்தான் இதனையும் கூறிற்று.

ஓய்வுபெறும் தொழிலாளியின் நிலையும் இதற்கு அடுத்ததே. லயத்தின் அறை வேலையைச் சார்ந்தது. வேலை முடியின் அறையும் முடியும். ஆகவே, மகனோ மகளோ அதே தோட்டத்தில் பேர் பதிந்தால் முதியவர் அங்கேயே ஒண்டியிருக்கலாம். இன்றேல், பல்லாண்டுகளுக்கு முன் விட்டுவந்த ஊரை நோக்கி மலையிறங்க வேண்டும். படித்து வேறு வேலைக்குப் போக விரும்பிய பிள்ளைகள் சிலர் பெற்றோரின் கூரைக்காகவே கூடையை எடுத்த கதைகள் மலையில் அரியன அல்ல.

ஏலத்தோட்டங்களின் வரலாறு வேறு. 1951-இன் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா ஆகியவற்றையே பெயர் சொல்லிக் குறித்தது. ஏலம் அப்பட்டியலில் சேர்ந்தது 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். ஆனால் நாள்தோறும் எல்லை கடந்துவரும் போடி, கம்பம் பெண்களுக்குத் தோட்டத்துக் காப்பகம் இருந்தும் பயன் சிறிதே. விடியுமுன் புறப்படும் ஜீப்பில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேற இயலுமா? 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி இப்போது ஊரில் உண்டு. ஜீப்புப் புறப்படும் வேளைக்கும் அங்கன்வாடி திறக்கும் வேளைக்கும் இடைப்பட்ட பொழுது பாட்டிக்கே உரியது.

வடக்கே பாலக்காட்டில் முதியோரின் கதை சற்று வேறாக நடந்தது. அங்கே நெல்லியாம்பதி போன்ற மலைத்தோட்டங்களும் உண்டு. ஆயினும் சித்தூர் முதலிய இடங்களில் தமிழரும் மலையாளிகளும் கலந்து உழைத்தது நெல்வயலில். வயலுக்கு லயமும் இல்லை, காப்பகமும் இல்லை. பொறுப்பேற்கும் ஒரே முதலாளியும் இல்லை. ஆதலின் அரசே முன்வர நேர்ந்தது. 1980-இல் நாயனார் அமைச்சரவை விவசாயத் தொழிலாளர்க்கு மாதம் 45 ரூபாய் ஓய்வூதியம் அளித்தது. தொகை சிறிது. எனினும் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி, பிள்ளையின் வேலையைச் சாராமல், முதியவரின் பெயருக்கே அது வந்தது.

மலையில் அந்த ஒரு தொடர் மாற 2010 வரை ஆயிற்று. அவ்வாண்டுத் திருத்தம், தொழிலாளர் ஆணாயினும் பெண்ணாயினும் அவரைச் சார்ந்த பெற்றோரையும் கைம்பெண்ணான உடன்பிறந்தாளையும் குடும்பத்துள் சேர்த்தது. பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 அன்று பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. அதில் பாட்டனும் பாட்டியும் முதன்முறையாகக் குடும்பத்தில் இடம்பெற்றனர். காப்பகத்திற்கு வேண்டிய ஐம்பது என்ற எண்ணும் பெண்களை மட்டுமன்றித் தொழிலாளர் அனைவரையும் கொண்டே கணக்கிடப்படுகின்றது. குழந்தை தாய்க்கு மட்டும் உரியதன்று என்பது இங்ஙனம் சட்டத்தில் ஏறியது.

ஆயினும் பாட்டியைச் சேர்த்த அப்பொருள்விளக்கத்தின் கீழே ஒரு நிபந்தனை உள்ளது. அரசு விதிகளிற் குறிக்கும் வழிகளில் வருமானம் பெறுவோர், சார்ந்து வாழ்வோராகக் கருதப்படார் என்பது அது. மாதந்தோறும் முதியோர் ஓய்வூதியம் வாங்கும் ஒரு பாட்டியை அச்சிறு தொகையே பேரன் இருக்கும் குடும்பத்திற்குப் புறம்பாக்குமா என்பது, அவ்விதிகள் எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதைப் பொறுத்தது.