எழுபத்து நான்கு லட்சம் 'ஆம்'களும் ஒரு சின்னப் புத்தகமும்

தேர்தல் என்ற பேச்சு வந்தாலே நம் காஞ்சிபுரத்துக்காரர்கள் உத்திரமேரூர்ப் பெருமையைச் சொல்லாமல் விடமாட்டோம். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது என்ற விதியும் அதில் உண்டு. அரசு அலுவலகத்தில் கணக்கெழுதியே தலை நரைத்த எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் குடவோலை ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை. பொது வாக்கெடுப்பு என்பது வேறு. நாட்டு மக்கள் முன்னால் ஒரு விஷயத்தை வைத்து "ஆமா, இல்லையா?" என்று கேட்பது. இரண்டே சொல்லில் பதில் கேட்டால் நாடும் இரண்டாகத்தான் நிற்கும். எண்ணி முடித்த பிறகும் சண்டை ஓயாது. அப்படி ஒரு வாக்கெடுப்புக்குப் பிறகு பிறந்த வசைப் பாடல்களைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். பிரான்சில் தொடங்கி, நம் காஞ்சிக்கு வந்து, புதுச்சேரியில் முடியும் கதை.

நான் பிறந்து படித்தது புதுச்சேரி, பிரெஞ்சு வழியில். ஓய்வுக்குப் பிறகுதான் என் வீட்டுக்காரியின் ஊரான இந்தத் திருப்பருத்திக்குன்றத்துக்குக் குடிவந்தேன். எங்கள் காலத்தில் பிரெஞ்சுப் பாட்டு என்றால் மனப்பாடம்தான். விக்டர் ஹ்யூகோ என்று நீங்கள் சொல்பவரை நாங்கள் 'விக்தோர் யுகோ' என்போம். அவருடைய ஒரு பாட்டு எங்களுக்குப் பாடம். நெப்போலியனின் படை ருஷ்யாவில் பனியில் சிக்கி அழிந்த காட்சி. பனியைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள், வேர்த்து விறுவிறுத்து அந்தப் பனியை ஒப்பிப்போம்.

பாடப் புத்தகத்தில் அந்தப் பனியும் அதற்குப் பின்னால் வாட்டர்லூப் போர்க்களமும்தான் இருந்தன. முழுப் பாட்டையும் நான் படித்தது பல வருடம் கழித்து. அதன் தலைப்புக்குப் 'பிராயச்சித்தம்' என்று பொருள் சொல்லலாம். சட்டத்தை மீறிப் பதவியைப் பிடித்த பாவத்துக்குத் தனக்கு என்ன தண்டனை என்று நெப்போலியன் கேட்கிறான். பனியில் படை அழியும்போது 'இதுதானா?' என்கிறான். இல்லை என்கிறது ஒரு குரல். வாட்டர்லூவில் தோற்கும்போதும், சிறைத் தீவில் சாகும்போதும் அதே கேள்வி, அதே பதில். கடைசியில், செத்துப் பல வருடம் ஆன பின் கல்லறையில் விழித்துப் பார்க்கிறான். தன் பெயரைச் சொல்லித் தன் தம்பி மகன் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பிரான்சை ஏய்த்துப் பிழைக்கிறான். அந்தக் கேவலம்தான் தண்டனை. எங்கள் பாடப் புத்தகம் விட்டுவிட்டது இந்த முடிவைத்தான். பாட்டின் விஷமே அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தம்பி மகன் லூயி நெப்போலியன். 1848 டிசம்பரில் 54 லட்சம் வாக்கு வாங்கி முறையாகவே ஜனாதிபதி ஆனவர். அப்போது யுகோவும் அவரை ஆதரித்தார். அரசியல் சட்டப்படி பதவி நான்கு ஆண்டு. தொடர்ந்து மறுபடி நிற்க முடியாது. சட்டத்தைத் திருத்தப் பார்த்தார். சபையில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை, அது கிடைக்கவில்லை. 1851 டிசம்பர் 2 விடியற்காலையில் பாரிஸ் சுவர்களில் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது: சபை கலைக்கப்பட்டது. எதிர்த்த தலைவர்கள் படுக்கையிலிருந்தே கைதானார்கள். 4-ஆம் தேதி பாரிஸ் வீதிகளில் ராணுவம் சுட்டது. வேடிக்கை பார்க்க நின்றவர்களும் செத்தார்கள். தெற்கே பல கிராமங்கள் கிளர்ந்தன. நாடு முழுக்க 26,000 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். சுமார் 9,500 பேருக்கு அல்ஜீரியாவுக்கு நாடுகடத்தல், 239 பேருக்குத் தென்னமெரிக்காவில் உள்ள கயேன் தீவாந்தரம் என்று தீர்ப்பானது.

இந்தக் கலவரத்தின் நடுவே, டிசம்பர் 20, 21 தேதிகளில் பொது வாக்கெடுப்பு. லூயி நெப்போலியனின் அதிகாரம் தொடர்வதை மக்கள் விரும்புகிறார்கள், புதிய அரசியல் சட்டம் செய்யும் அதிகாரத்தை அவரிடமே ஒப்படைக்கிறார்கள் — ஆம் அல்லது இல்லை. கவனித்தீர்களா? இது கேள்வியே இல்லை, எழுதி முடித்த தீர்மானம். கோப்பில் 'அங்கீகரிக்கலாம்' என்று முன்கூட்டியே எழுதி அதிகாரியிடம் கையெழுத்துக்கு நீட்டுவோமே, அந்த வகை. முடிவு: சுமார் 74 லட்சம் 'ஆம்', சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் 'இல்லை'. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு! அடுத்த ஆண்டு நவம்பரில் இன்னொரு வாக்கெடுப்பு. அதில் 78 லட்சம் 'ஆம்'. ஜனாதிபதி பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஆனார்.

யுகோ அதற்குள் வெளியேறிவிட்டார். லான்வேன் என்ற ஒரு தொழிலாளியின் பெயரில் இருந்த கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு ரயிலேறி பிரஸ்ஸல்ஸ் போனார். பிறகு 1852 ஆகஸ்டில், பிரான்ஸ் கரையை ஒட்டியிருந்தாலும் பிரிட்டிஷ் கொடி பறந்த ஜெர்சி தீவுக்கு. அங்கே எழுதியதுதான் 'லே ஷாத்திமான்' — தண்டனைகள். 1853 நவம்பரில் வந்தது. அயல்நாட்டு அரசர்களை வைதால் பெல்ஜியத்தில் தண்டனை என்று சட்டம் வந்துவிட்டதால் இரண்டு பதிப்பு போட்டார்கள். ஒன்று வெட்டியது, இன்னொன்று வெட்டாத முழு நூல், 'ஜெனீவா, நியூயார்க்' என்று ஊர்ப் பெயர் போட்டு, சட்டைப் பையில் மறையும் சின்ன அளவில். எல்லை தாண்டி பிரான்சுக்குள் கடத்திப் போனது இந்தச் சின்னப் புத்தகத்தைத்தான்.

இதில் நான் ரசிப்பது வசவுகளை அல்ல. வசவு யாருக்கும் வரும். ஏழு பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அவர் வைத்த தலைப்புகள் இருக்கின்றனவே, அவைதான். சமூகம் காப்பாற்றப்பட்டது. ஒழுங்கு மீட்கப்பட்டது. குடும்பம் நிலைநிறுத்தப்பட்டது. மதம் போற்றப்பட்டது. அதிகாரம் புனிதமாக்கப்பட்டது. நிலைத்த ஆட்சி உறுதி செய்யப்பட்டது. எல்லாம் அரசாங்கத்தின் பேச்சு! சுவரொட்டியிலும் பிரசங்கத்திலும் வந்த வாசகங்களை அப்படியே தலைப்பாக்கி, அவற்றுக்குக் கீழே சுடப்பட்டவர்களையும் நாடுகடத்தப்பட்டவர்களையும் வைத்தார். 4-ஆம் தேதி இரவு குண்டடி பட்டுச் செத்த ஏழு வயதுக் குழந்தையும், அதை மடியில் போட்டு அழும் பாட்டியும் வரும் பாட்டு 'ஒழுங்கு மீட்கப்பட்டது' என்ற பாகத்தில் இருக்கிறது. ஏழாவது பாகத்தின் தலைப்பு பிரெஞ்சில் சிலேடை: காப்பாற்ற வந்தவர்கள் ஓட்டம் பிடிப்பார்கள்.

இப்படிப்பட்ட வாசகங்களை எத்தனை கடிதங்களில் தட்டச்சு செய்திருப்பேன்! 'தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது' என்று தட்டும்போதே என்ன நடவடிக்கை என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்தத் தலைப்புகளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே வயிற்றைக் கலக்கியது.

இது பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை என்று யாரும் எண்ண வேண்டாம். தொல்காப்பியர் அங்கதத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்: வெளிப்படையாக வைவது ஒன்று, வசையை உள்ளே மறைத்துச் சொல்வது ஒன்று. இரண்டாவதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் காட்டிய ஆயுதசாலையைப் பார்த்துப் புகழ்ந்தாள். உன் வேல்கள் நெய் பூசி, மாலை சூட்டி, காவலுக்குள் பளபளவென்று இருக்கின்றன. அதியமான் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். கேட்டவன் முதலில் மகிழ்ந்திருப்பான். பிறகுதான் உறைத்திருக்கும்: தன் வேல் போருக்கே போனதில்லை என்கிறாள். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. அவன் பெருமையை அவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். யுகோவின் தலைப்புகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

அடுத்து பாரதி. 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. தலைவர் தேர்வில் தொடங்கிய தகராறு. மேடைக்குச் செருப்புப் பறந்தது. வ.உ.சி.யோடு அங்கே போய் வந்தவர் பாரதி. அந்தப் பிளவை ஒட்டி அவர் எழுதியவை வசைப் பாடல்களே. நிதானக் கட்சிக்காரர் புதிய கட்சித் தலைவரிடம் பேசுவதாக ஒரு பாட்டு. தூத்துக்குடிக் கிளர்ச்சியின்போது கலெக்டர் விஞ்ச் சிதம்பரம் பிள்ளையிடம் பேசுவதாக இன்னொன்று. எதிராளியின் வாயிலேயே பாட்டை வைத்தார். மெட்டும் ஜனங்களுக்குப் பழகிய மெட்டு. 'நடிப்புச் சுதேசிகள்' கிளிக்கண்ணியில் வரும்.

1908-ல் பாரதி புதுச்சேரிக்கு வந்தார். பிரெஞ்சுக் கவிஞருக்கு அடைக்கலம் பிரிட்டிஷ் கொடி. பிரிட்டிஷ் இந்தியாவின் கவிஞருக்கு அடைக்கலம் பிரெஞ்சுக் கொடி. 'இந்தியா' பத்திரிகை 1908 அக்டோபர் முதல் 1910 மார்ச் வரை எங்கள் ஊரில் அச்சானது. எல்லைக்கு அப்பால் தடை செய்தார்கள், பத்திரிகை படுத்துவிட்டது. பாட்டுகள் படுக்கவில்லை.

இனி எங்கள் வாக்கெடுப்பு. 1954 அக்டோபர் 18, கீழூர். பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு சேர்வதா என்பது கேள்வி. வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்ல. பிரதிநிதி சபை, நகரசபை உறுப்பினர்களான 178 பேர். ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி முழு மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அந்த இடைப்பட்ட எட்டு வருடம் எங்கள் ஊர் அரசியல் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1955-ல் சபைக்குத் தேர்தல், பாரதிதாசனும் ஜெயித்தார். ஆட்கள் கட்சி மாறிய வேகத்தில் ஐந்து வருடம்கூட அது தாங்கவில்லை, 1959-ல் மறுதேர்தல்.

வீடுகளுக்குள்ளும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 1962-லிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் பெரியப்பா பழைய சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பா கொடுக்கவில்லை. எனக்குப் பதினோரு வயது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரே பந்தியில் உட்காரும்போது இரண்டு பேரும் சினிமா மெட்டில் ஒருவரை ஒருவர் நையாண்டி செய்து பாடுவார்கள். பிராங்கில் வரும் பென்ஷனை அப்பா பாடுவார். ரேஷன் கியூவில் நிற்கும் தம்பியைப் பெரியப்பா பாடுவார். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டே சாம்பார் ஊற்றுவார். ஒரு தடவைகூட யாரும் இலையை விட்டு எழுந்து போனதில்லை.

கீழூர் முடிவு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 170-ஐ மட்டும் சொல்லி 8-ஐ விழுங்கிவிடும் மேடைப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. எதிர்த்து வாக்களித்த அந்த எட்டுப் பேரை யாரும் கயேனுக்கு அனுப்பவில்லை. 1851-க்கும் 1954-க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். முடிவு எத்தனை சதவிகிதம் என்பதைவிட, தோற்றவன் மறுநாள் காலையில் ஊரில் நின்று நையாண்டி பாட முடிகிறதா என்பதுதான் வாக்கெடுப்பின் நேர்மைக்குச் சரியான சோதனை.

வசைக்கவிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் எப்போதும் நியாயமாக இருந்ததில்லை. பாரதி 'கோக்கலே சாமியார்' என்று கேலி செய்தாரே, அந்த கோகலேயைத்தான் காந்தி தம் அரசியல் குரு என்றார். யுகோவும், அந்த 74 லட்சம் பேர் ஏன் 'ஆம்' போட்டார்கள் என்பதைப் பொறுமையாகக் கேட்கவில்லை. 1850-ல் அந்தப் பழைய சபையே சுமார் 30 லட்சம் ஏழைகளின் வாக்குரிமையைப் பறித்திருந்தது. லூயி நெப்போலியன் அதைத் திருப்பிக் கொடுத்தார். வாக்கு திரும்பக் கிடைத்த கூலிக்காரன் 'ஆம்' போட்டதில் என்ன அதிசயம்? பயத்தில் போட்டவர்களும் உண்டு, நம்பிப் போட்டவர்களும் உண்டு. பாட்டு இரண்டு பேரையும் ஒன்றாகவே திட்டிவிடுகிறது.

பாட்டினால் பேரரசு கவிழவும் இல்லை. 1870 மே 8-ல் மறுபடி ஒரு வாக்கெடுப்பு. 73 லட்சத்துக்கு மேல் 'ஆம்'. நான்கு மாதம் கழித்துச் செடான் போரில் பேரரசர் பிரஷ்யர்களிடம் பிடிபட்டார்; செப்டம்பர் 4-ல் குடியரசு அறிவிக்கப்பட்டது. மறுநாளே யுகோ பத்தொன்பது வருடம் கழித்துப் பாரிஸில் கால் வைத்தார். முற்றுகைக்குள் சிக்கிய அந்த நகரத்தில் 'தண்டனைகள்' பாடல்களை அரங்கங்களில் படித்துக் காட்டி, வசூலான பணத்தில் பீரங்கி வார்த்தார்கள். ஒன்றுக்குப் புத்தகத்தின் பெயர், இன்னொன்றுக்குக் கவிஞரின் பெயர்.

73 லட்சம் 'ஆம்' அந்தப் பேரரசரை நான்கு மாதம் தாங்கவில்லை. தடை செய்த புத்தகமோ பதினேழு வருடம் ஒளிந்திருந்து, பட்டப்பகலில் அச்சேறியது. பெரியப்பா குடும்பம் பிறகு கப்பலேறிப் போய்விட்டது, அப்பாவும் காலமாகிவிட்டார். ஆனால் பெரியப்பா மகன் அங்கிருந்து போன் செய்தால், நலம் விசாரித்த கையோடு ரேஷன் கியூ பாட்டை இன்றும் எனக்குப் பாடிக் காட்டுவான். நானும் பிராங்க் பாட்டைத் திருப்பிப் பாடுவேன். பிராங்க் போய் யூரோ வந்து இருபது வருடத்துக்கு மேலாயிற்று. நாங்கள் பாட்டை மாற்றவில்லை.