அலர்மேல்மங்கை அலமேலு ஆன வரலாறு

ஊர்ப்பெயரைப் போலவே ஆட்பெயரும் ஒரு நாட்டின் வரலாற்றைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கும். கல்லில் வெட்டிய எழுத்து மழையில் தேயலாம். ஏட்டில் எழுதிய எழுத்தைச் செல் அரிக்கலாம். மக்கள் நாவில் வழங்கும் பெயரோ, தாயிடமிருந்து மகளுக்கும் பாட்டியிடமிருந்து பேத்திக்குமாகக் கைம்மாறி, பல நூற்றாண்டுகள் நிலைத்து நிற்கும். அவ்வாறு நிலைத்து நின்ற பெயர்களுள் ஒன்று அலமேலு. நம் பாட்டியர் காலத்தில் அலமேலு என்று அழைத்தால் ஒரே தெருவில் இருவர் திரும்பிப் பார்ப்பர். இன்றோ, பள்ளிக்குச் செல்லும் சிறுமியரிடையே அப்பெயரைக் கேட்பது அரிதாகிவிட்டது. இப்பெயர் எங்கே பிறந்தது, எவ்வழி நடந்தது, ஏன் அருகியது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

முதலில் பெயரின் பொருளை அறிவோம். அலர்தல் என்றால் மலர்தல்; அலர் என்றால் மலர்ந்த பூ. அலர்மேல் மங்கை என்பதற்கு, மலர்ந்த தாமரைமேல் வீற்றிருக்கும் பெண் என்பது பொருள். திருமகளைக் குறிக்கும் தூய தமிழ்த் தொடர் இது. வடமொழியில் பத்மாவதி என்று வழங்கும் பெயருக்கு இணையாக நிற்பது. திருப்பதிக்கு அருகே திருச்சானூரில் கோயில் கொண்டுள்ள தாயாருக்கு இவ்விரு பெயர்களும் உரியன. அங்குள்ள திருக்குளத்தில், கார்த்திகைத் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாளில், தாமரை மலர்மீது தாயார் தோன்றினார் என்பது தலபுராணம். அந்நாளில் நடைபெறும் பஞ்சமி தீர்த்த விழாவில் பெருந்திரளான மக்கள் இன்றும் நீராடுகின்றனர்.

தெலுங்கு வழங்கும் நாட்டில் தமிழ்ப் பெயர் எவ்வாறு வேர்கொண்டது என்று சிலர் வினவலாம். அதற்கு விடை வேங்கட மலையின் வரலாற்றிலேயே உள்ளது. வேங்கடத்தை வடக்கெல்லையாகவும் குமரியைத் தெற்கெல்லையாகவும் கொண்டது தமிழ் வழங்கும் நிலம் என்று, தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் தந்த பாயிரம் வரையறுக்கிறது. எல்லை என்பது இரு நிலங்கள் பிரியும் இடம் மட்டுமன்று. அவை ஒன்றையொன்று தழுவும் இடமும் ஆகும். திருமலையிலும் அதனைச் சூழ்ந்த கோயில்களிலும் கிடைத்த கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பல தமிழில் அமைந்தவை.

அக்கல்வெட்டுகளுள் ஒன்று பெண்ணொருத்தியின் பெயரைப் பொன்போல் காத்து வைத்திருக்கிறது. பல்லவர் குடியைச் சேர்ந்த சாமவை என்னும் அரசி, திருவேங்கடத்தில் வெள்ளியால் ஆன திருவுருவம் ஒன்றை அமைத்து, அணிகலன்களும் நிலமும் வழங்கினாள். காடவன் பெருந்தேவி என்பது அவளுக்கு வழங்கிய மற்றொரு பெயர். இக்கொடை கி.பி. 966ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கணிக்கப்படுகிறது. அவள் அளித்த திருவுருவமே போக சீனிவாசர் என்ற பெயரில் இன்றும் திருமலையில் வழிபாடு பெறுகிறது. இன்றைய திருச்சானூரைத் திருச்சுகனூர் என்று பழைய கல்வெட்டுகள் குறிக்கின்றன. இத்தகைய தமிழ்ச் சூழலிலேயே தாயாரின் பெயரும் தமிழாக வழங்கிற்று.

அப்பெயரை அடியார் நெஞ்சில் நிலைநாட்டியவர் நம்மாழ்வார். திருவாய்மொழியில் ஆறாம் பத்தின் இறுதிப் பதிகம் திருவேங்கடமுடையானிடம் அடைக்கலம் புகும் பதிகமாகும். திருமாலின் மார்பை ஒரு கணமும் பிரியாத அலர்மேல்மங்கையை முன்னிட்டு ஆழ்வார் ஆங்கே சரண் புகுகிறார். வைணவ ஆசிரியர் இப்பதிகத்தைத் தலைமேற் கொண்டு போற்றினர். கோயில்தோறும் அது ஓதப்பட்டது. ஒரு பாசுரத்தில் நின்ற தொடர், ஓதுவோர் வாயிலிருந்து கேட்போர் வீட்டுக்குச் சென்றது. வீட்டில் பிறந்த பெண்மகவுக்குப் பெயராகியது.

தமிழகத்தில் பிறந்த இப்பெயருக்குப் புதிய உருவம் கொடுத்தது தெலுங்கு நாடு. கடப்பைப் பகுதியிலுள்ள தாள்ளபாக்கத்தில் தோன்றிய அன்னமாசாரியர், 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர் என்பர். அவர் திருவேங்கடமுடையான்மீதும் தாயார்மீதும் 32,000 கீர்த்தனங்கள் பாடினார் என்பது மரபு. அவற்றுள் ஏறத்தாழ 12,000 கீர்த்தனங்களே செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு நமக்குக் கிடைத்துள்ளன. அப்பாடல்களில் தாயார் அலமேலுமங்க என்ற பெயருடன் மணமகளாகவும் தலைவியாகவும் உலவுகிறாள். அன்னமாசாரியருக்கு வைணவம் போதித்த ஆசிரியரின் பெயர் சடகோப யதி. சடகோபன் என்பது நம்மாழ்வாரின் திருநாமமே அல்லவா? தமிழ் மறையின் சாரம் தெலுங்கு இசையில் பாய்ந்த வாய்க்காலை அப்பெயரே காட்டி நிற்கிறது.

அலர்மேல்மங்கை அலமேலுமங்க ஆனதில் மொழியின் இயல்பு இனிது புலப்படுகிறது. தமிழில் மெய்யெழுத்தில் முடியும் பல சொற்கள் தெலுங்கில் உகரம் பெற்று முடியும். கால் என்பது காலு ஆகும். பால் என்பது பாலு ஆகும். ஊர் என்பது ஊரு ஆகும். அவ்வாறே மேல் என்பது மேலு ஆயிற்று. தமிழில் ஐகாரத்தில் முடிவன அங்கே அகரத்தில் முடியும். தலை என்பது தல ஆவது போல மங்கை மங்க ஆயிற்று. இடையில் நின்ற ரகர மெய் தேய்ந்து மறைந்தது. மேலு என்னும் சொல்லுக்குத் தெலுங்கில் நன்மை என்ற பொருளும் உண்டு. ஆகவே, பெயரின் தமிழ்ப்பொருளை அறியாத தெலுங்குத் தாய்க்கும் அது மங்கலமாகவே ஒலித்தது. அங்கே அலிவேலு என்று ஒரு வடிவமும், மங்கம்மா என்று ஒரு சுருக்கமும் வழக்கில் உள்ளன. பேச்சுத் தமிழிலும் வேல் வேலு ஆவதுண்டு. எனவே திருப்பதி சென்று மீண்ட தமிழர்க்கு அலமேலு என்ற வடிவம் அயலாகத் தோன்றவில்லை. தமிழில் புறப்பட்ட பெயர் தெலுங்கில் தங்கி இளைப்பாறி, புதுக்கோலம் பூண்டு தாய்வீடு திரும்பியது என்று நாம் கூறலாம்.

அம்மலையின் பெயர்கள் பிறவும் இவ்வாறே பயணம் செய்தன. திருவேங்கடநாதன் என்ற பெயர் தெலுங்கில் திருவெங்களநாதன் ஆயிற்று. அன்னமாசாரியரின் வரலாற்றைத் தெலுங்கில் பாடிய அவருடைய பேரர் அப்பெயரையே தாங்கியவர். பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் பிறந்து, திருமலையில் வாழ்ந்து, 1817இல் மறைந்த தெலுங்குப் பெண்கவிஞர் வெங்கமாம்பாவின் பெயரிலும் வேங்கடமே ஒலிக்கிறது. திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரியிலிருந்து ஆண்ட விசயநகரப் பேரரசரின் பெயர் வேங்கடபதி ராயர்.

அந்த வேங்கடபதி ராயர் காலத்திலேயே அலமேலு என்னும் பெயர் கன்னட நாட்டு வரலாற்றிலும் இடம்பெறுகிறது. காவிரிக் கரையிலுள்ள சீரங்கப்பட்டணத்தைப் பேரரசரின் பிரதிநிதியாக ஆண்டவர் திருமலைராயர். அவர் மனைவி அலமேலம்மா. 1610இல் மைசூர் மன்னர் ராஜ உடையார் அவ்வூரைக் கைப்பற்றினார். தம்மிடமிருந்த அணிகலன்களைப் பறிக்க வீரர் துரத்தி வந்தபோது அலமேலம்மா, தலைக்காடு மணல்மேடாகவும், மாலங்கி நீர்ச்சுழியாகவும், மைசூர் அரசர் பிள்ளைப்பேறு இன்றியும் போகச் சபித்துவிட்டுக் காவிரியில் பாய்ந்தார் என்று மக்கள் கூறுவர். சாபத்தின் உண்மை எவ்வாறாயினும், 400 ஆண்டுகளுக்கு முன்பே இப்பெயர் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழி நாடுகளிலும் பெண்டிர்க்குச் சொந்தமாகிவிட்டது என்பதற்கு இக்கதை சான்றாகும்.

இத்துணைப் பரந்து வாழ்ந்த பெயர் ஏன் அருகியது? முதற்காரணம் பெயரிடும் முறையில் வந்த மாற்றம். பேரன் என்ற சொல் பெயரன் என்பதன் திரிபு. பேத்தி என்பது பெயர்த்தி என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. திருவேங்கடமுடையானைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்களில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அலமேலு பிறந்துகொண்டே இருந்தாள். மாமியாரின் பெயரைச் சொல்லி மகளை அழைக்க மருமகள் கூசுவாள். ஆகையால் குழந்தைக்கு வீட்டில் வேறொரு செல்லப்பெயர் வழங்கும். காலப்போக்கில் அச்செல்லப்பெயரே போதும் என்ற எண்ணம் வளர்ந்தது. பெயர்த்தி என்ற சொல் நின்றது, பெயர் நின்றுவிட்டது.

இரண்டாம் காரணம் இருபதாம் நூற்றாண்டின் புதிய விருப்பங்கள். தனித்தமிழ் உணர்வு கொண்டோர் மலர்விழி, பூங்கொடி, தமிழ்ச்செல்வி என்று பெயரிட்டனர். வடநாட்டு நாகரிகத்தை விரும்பினோர் உஷா, ரமா என்று பெயரிட்டனர். முன்னவர் கண்ணுக்கு அலமேலு பக்திப் பெயராகத் தோன்றியது. பின்னவர் கண்ணுக்கு நாட்டுப்புறப் பெயராகத் தோன்றியது. மலர்விழியில் உள்ள மலரும் அலமேலுவில் உள்ள அலரும் ஒரே பூ என்பதை இரு சாராரும் மறந்தனர். ஆயினும் முழு வடிவம் அடியோடு மறையவில்லை. பரதக்கலையில் புகழ்பெற்று 2004இல் பத்மபூஷண் விருது ஏற்ற அலர்மேல் வள்ளி அவர்களின் பெயரில் அப்பழந்தொடர் தெளிவாக வாழ்கிறது.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இவ்வரலாறு தனிப்பட்ட பொருளுடையது. மும்பையிலோ தில்லியிலோ குழந்தைக்குப் பெயர் தேடும்போது, பள்ளியில் ஆசிரியர் சிதைக்காமல் சொல்வாரா என்னும் கவலை நமக்கு எழுவது இயல்பே. தமிழ்ப் பெயர்களில் வரும் ழகரமும் றகரமும் பிறமொழியாளர் நாவில் படும் பாட்டை நாம் அறிவோம். அலமேலு என்ற பெயரிலோ அவ்விடர் இல்லை. இந்திய மொழி எழுத்துகளில் எளிதாக எழுதவும் படிக்கவும் வல்லது. பல மொழியாளர் நாவில் உருண்டு வழவழப்பான கூழாங்கல் அது. வேறு மண்ணில் வாழ்ந்தும் வேர் அறாமல் இருப்பது எவ்வாறு என்பதற்கு இப்பெயரைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டோ?

நிலத்தின் எல்லைகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைச் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது ஆந்திரத்தைச் சேர்ந்தது. திருப்பதி யாருக்கு என்னும் பூசல் அக்காலத்தில் பல நெஞ்சங்களைப் புண்படுத்தியது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்கு மீண்டது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. குப்பத்திலும் நகரியிலும் சத்தியவேட்டிலும் தமிழும் தெலுங்கும் இன்றும் ஒரே கடைவீதியில் ஒலிக்கின்றன. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை முழங்குகிறது.

மலையை ஒரு மாநிலத்துக்கு உரியதென்று அளந்து கொடுக்கலாம். மலை தந்த பெயரை அவ்வாறு பங்கிட இயலாது. தமிழ் ஈன்று, தெலுங்கு வளர்த்து, கன்னடம் கதையில் காத்த பெயர் அலமேலு. நம் இல்லத்தில் அப்பெயருடைய பாட்டி இருப்பாரானால், அதன் பொருளைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போம். நாளை ஒரு பெண்மகவு பிறக்கும்போது, பெயர்த்தி என்ற சொல்லுக்கு மீண்டும் உயிர் கொடுக்க நம்முள் சிலர் முன்வரலாம். அலர்ந்த பூ வாடினாலும் கொடி இருக்கிறது. மீண்டும் அது அலரும்.