குழாயில் கேட்ட பாஞ்சாலங்குறிச்சி

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் அவர் தம்பி ஊமைத்துரை மறுபடி எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையையும் கிழக்கிந்தியக் கும்பினிப் படை தரைமட்டமாக்கியது. அதன்பின் அந்தக் கதை கதைப்பாடலாகவும் நாடகமாகவும் கரிசல்காட்டில் சுற்றிவந்தது. மைக் வராத காலம் அது. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று நடிகர்கள் உச்ச சுருதியில் பாடினார்கள்.

1959இல் பி.ஆர்.பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வெளிவந்தது. சக்தி டி.கே.கிருஷ்ணசாமியின் வசனம், கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசனின் குரலில் கதைவசன இசைத்தட்டாகவும் ஊர் ஊராகப் போனது. கோயில் கொடையோ, கல்யாணமோ, சடங்கோ, ரேடியோ செட்காரர் வந்து வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார். பருத்திக்காட்டில் களை எடுப்பவர்களுக்கும் வசனம் மனப்பாடமாகிவிடும்.

அந்தக் குழாய் ஸ்பீக்கருக்கென்று ஒரு தொனி உண்டு. கூம்பின் அடியில் யூனிட்டுக்குள் சிறு தகடு ஒன்று அதிர்கிறது. கூம்பின் அளவு சிறிதாக இருப்பதால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனி உதிர்ந்துவிடும். மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதி தூக்கலாக நிற்கும். மனிதக் காதுக்குக் கூர்மை அதிகமுள்ள இடமும் அதுதான். கரிசல் சமவெளியில் குரல் அடுத்த ஊரை எட்டியது இப்படித்தான். ஸ்டுடியோ மைக், தட்டு, ஊசி, குழாய் என எல்லாவற்றின் நிறமும் ஏறிய சிவாஜியைத்தான் கிராமம் கேட்டது.

இன்று அந்த நிறங்களைக் கணினியில் உருவாக்கலாம். ஒரு மைக்கில் பதிந்த குரலை இன்னொரு மைக்கில் பதிந்ததுபோல மாற்றும் மென்பொருளை அன்டாரஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டையொட்டிக் கொண்டுவந்தது. பின்னர் வந்த ‘ஸ்பியர்’ மைக், முன்னும் பின்னும் கேட்பதைத் தனித்தனித் தடங்களில் பதிகிறது. மைக் எந்தத் திசையைக் கேட்க வேண்டும் என்பதைக்கூடப் பதிவு முடிந்தபிறகு மாற்றலாம். மெகாபோன், பழைய ரேடியோ போன்றவற்றின் ஒலியைத் தருவதற்கென்றே தனி மென்பொருள்களும் உள்ளன. பாடலின் பல்லவியைக் குழாய்த் தொனியில் தொடங்கி, சரணத்தில் முழுக்குரலாக விரிக்கும் இசையமைப்பாளருக்கு இவை நல்ல கருவிகள்.

ஆனால் நம் ஊர்க் குழாயின் தொனி வேண்டுமானால், அதை நாம்தான் அளந்து வைக்க வேண்டும். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏறும் ஒலியைக் குழாயில் ஒலிக்கவிட்டு, வெட்டவெளியில் பல தூரங்களில் நிறம் சேர்க்காத மைக்கால் பதிந்தால் போதும். கோவில்பட்டி வட்டார ரேடியோ செட்காரர்களிடம் மிச்சமிருக்கும் கூம்புகள் பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன் ஒலிப்பதிவு மாணவர்கள் இந்த வேலையைச் செய்துவிட வேண்டும்.