அடம்பிடிக்கும் குழந்தையும் சுற்றியிருக்கும் கண்களும்: பெங்களூர்ப் பொது இடங்களை முன்வைத்து

பெங்களூர் மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் மாலை நெரிசலின்போது அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. இரண்டு மூன்று வயதுக் குழந்தை ஒன்று கதவோரத்தில் படுத்துக்கொண்டு எழ மறுத்துக் கத்துகிறது. தாய் குனிந்து குழந்தையைத் தூக்குவதற்கு முன்பு எதிர் இருக்கைக்காரர்களின் முகத்தை ஒருமுறை பார்க்கிறார். பிறகு முதுகில் ஓர் அடி விழுகிறது. அல்லது கைபேசி குழந்தையின் கைக்குப் போகிறது. அல்லது "போலீஸ் அங்கிள் வராரு பாரு" என்ற மிரட்டல் வருகிறது. பொது இடத்துக் கண்டிப்பின் பெரும்பகுதி பார்ப்பவர்களுக்குச் சொல்லப்படும் பதில்தான், குழந்தைக்கு அதில் பங்கு சொற்பம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், இந்த அடம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? மைக்கேல் பொட்டகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் சக ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, ஒன்றரை முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் அளித்த விவரிப்புகளை அடிப்படையாகக் கொண்டது. அவர்கள் கண்ட அடங்களில் முக்கால்வாசி ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தன. கோபம் தொடக்கத்திலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடுகிறது. அழுகையும் ஆறுதல் தேடுதலும்தான் மிஞ்சுகின்றன. அமெரிக்கத் தரவை நம் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்தத் தயங்குவது நியாயம். ஆனாலும் அளவு உத்தேசமாகவாவது உதவும்: அல்சூரில் தொடங்கிய கூச்சல் கப்பன் பார்க் நிலையம் வருவதற்குள் பெரும்பாலும் தானாக ஓய்ந்துவிடக்கூடியது.

அந்த ஐந்து நிமிடம் பொறுக்க மாட்டாமல் கைபேசியைக் கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதை உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் 1982இலேயே விளக்கியிருக்கிறார். குழந்தை கத்துகிறது, பெரியவர் இறங்கிவருகிறார், கத்தல் நிற்கிறது. கத்தினால் கிடைக்கும் என்று குழந்தையும், கொடுத்தால் நிம்மதி என்று பெரியவரும் ஒரே சமயத்தில் பாடம் படித்துவிடுகிறார்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். வீட்டில் இதைக் கறாராகப் பின்பற்றும் பெற்றோர்கூட வண்டியில் ஏறியதும் கைவிடுகிறார்கள் என்றால், அவர்களை அசைப்பது "என்ன வளர்ப்போ" என்ற முணுமுணுப்புதான்.

மிரட்டலைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். அது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பூச்சாண்டியைக் கூப்பிடாதே அம்மா, சமர்த்தாக இருக்கிறேன் என்று குழந்தைக் கண்ணன் கெஞ்சுவதாகப் புரந்தரதாசர் பாடிய கன்னடப் பாடல் இன்றும் இங்கே வீடுகளில் ஒலிக்கிறது. அந்தப் பூச்சாண்டி கற்பனை ஆள்; யாருக்கும் நஷ்டமில்லை. இன்றைய பெங்களூரில் அந்த வேடத்தைக் காவலருக்கும் மெட்ரோ பாதுகாவலருக்கும் கொடுத்துவிட்டோம். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் லால்பாக் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் கை நழுவிப்போகும் குழந்தை யாரிடம் ஓட வேண்டும்? சீருடைக்காரரிடம். அவரைக் கண்டாலே ஒளிந்துகொள்ளத்தான் நாம் வருடம் முழுக்கப் பழக்கியிருக்கிறோம். அடியைவிட இதுவே பெரிய தீங்கு என்பேன். அடி குறைந்தபட்சம் தீங்கென்று அடையாளமாவது காணப்படுகிறது.

சட்டம் இங்கே ஒரு விசித்திரமான இடைவெளியை விட்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையைத் தடைசெய்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்யும் கொடுமையைத் தண்டிக்கிறது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 89ஐப் போலவே, 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலர் நல்லெண்ணத்தோடு செய்வதற்குப் பாதுகாப்பளிக்கிறது. வகுப்பறையில் ஆசிரியர் ஓங்கக்கூடாத கையைப் பெற்றோர் நடைமேடையில் ஓங்கலாம் என்பதே நடைமுறை. அந்நியருக்கோ குழந்தை மீது எந்த உரிமையும் இல்லை. சிவாஜிநகர்ச் சந்தில் பக்கத்து வீட்டு அத்தை அதட்டவும் செய்வார், இடுப்பில் தூக்கி வேடிக்கை காட்டவும் செய்வார். மெட்ரோ பெட்டியில் இரண்டும் போய், பார்வை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மற்றவர்களின் அமைதிக்கு மதிப்பில்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் சத்தத்தையும் ஆபத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 2024 ஆகஸ்டில் பையப்பனஹள்ளி நிலையத்தில் 4 வயதுச் சிறுவன் ஒருவன் தண்டவாளத்தில் விழுந்தான். ஊழியர்கள் உடனே மின்சாரத்தைத் துண்டித்து அவனை மீட்டார்கள். நடைமேடை விளிம்பில் ஓடும் குழந்தையை யாராக இருந்தாலும் பிடித்து நிறுத்த வேண்டும், அங்கே அனுமதி கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. கத்தும் குழந்தை அப்படியல்ல. ஜேஜு தீவில் 13 வயதுக்குட்பட்டவர்களை அனுமதிக்காத ஓர் உணவகம் பாகுபாடு காட்டுவதாகத் தென்கொரிய மனித உரிமை ஆணையம் 2017இல் முடிவு சொன்னது. சிலரின் சேட்டைக்காக எல்லாக் குழந்தைகளையும் வெளியே நிறுத்துவது தவறு என்ற அந்தத் தர்க்கம், அறிவிப்புப் பலகை இல்லாமலேயே முகச்சுளிப்பால் வெளியேற்றும் நமக்கும் பொருந்தும்.

பெற்றோருக்கு உண்மையில் தேவைப்படுவது, வேடிக்கை பார்ப்போர் இல்லாத சில நிமிடங்கள். மெட்ரோவில் அது கிடைக்கும்: வழியிலுள்ள நிலையத்தில் இறங்கி, விளிம்பிலிருந்து தள்ளியிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தை தேறியதும் அடுத்த வண்டியைப் பிடிக்கலாம், வெளியேறும் கதவைத் தாண்டாதவரை கூடுதல் கட்டணம் இல்லை. பேருந்தில், 2023 ஜூன் 11 முதல் நடப்பிலுள்ள சக்தி திட்டம், யாரும் இதற்காக யோசித்துப் போடாவிட்டாலும், இதே வசதியைத் தந்திருக்கிறது. கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லை என்பதால், அழும் குழந்தையோடு தாய் எந்த நிறுத்தத்திலும் இறங்கி அடுத்த பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். குழந்தை தந்தையோடு வந்திருந்தால், அவர் இன்னொரு டிக்கெட் எடுத்தாக வேண்டும்.