சீட்டு வழங்கும் கை: போக்கர் மேசையில் நடுவரின் கதை

சூது என்றவுடன் நம் நினைவில் எழுவது அத்தினாபுரத்து அவை. வகுப்பறையில் பாரதக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சகுனியின் வஞ்சனையையும் தருமனின் தடுமாற்றத்தையும் விரிவாகப் பேசுகிறோம். அந்த ஆட்டத்துக்கு நடுவர் என்று ஒருவர் இல்லை என்பதைப் பேசுவதில்லை. காயை உருட்டியவன் ஒரு கட்சிக்காரன். தடுத்துப் பேசிய விதுரனுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்த மன்னனுக்குத் தடுக்க மனம் இல்லை. அமெரிக்கச் சீட்டாட்டமான போக்கரின் வரலாற்றைப் படித்தபோது இந்தக் குறையே நமக்கு மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது. சூதைப் போற்றுவது நம் நோக்கமன்று. பண்பின்மை தலைதூக்கும் ஓர் அவையில், நடுவே அமர்ந்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்குச் சூதாடிகள் இருநூறு ஆண்டுகளில் தட்டுத் தடுமாறிக் கண்ட விடை எண்ணிப் பார்க்கத் தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் உருப்பெற்ற போக்கர், மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் ஏறி வடக்கே பரவியது. அந்நாளில் ஆட்டக்காரர்களே முறைவைத்துச் சீட்டு வழங்கினர். ஜோ கவல் என்னும் ஆங்கிலேய நடிகர் 1829இல் ஒரு படகுப் பயணத்தில் தாம் கண்ட ஆட்டத்தைப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அதில் சீட்டை வழங்கியவனே சீட்டை அடுக்கி வைத்த எத்தன். 1843இல் ஜோனதன் கிரீன் என்னும் முன்னாள் சூதாடி இத்தகைய தந்திரங்களை அம்பலப்படுத்தி ஒரு நூலே எழுதினார். முறையிட ஓரிடம் இல்லாத உலகம் அது. 1835 ஜூலையில் விக்ஸ்பர்க் நகரத்தார் திரண்டு, ஐந்து சூதாடிகளை விசாரணையின்றித் தூக்கிலிட்டனர். 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட் என்ற சுரங்க ஊரில், போக்கர் மேசையில் அமர்ந்திருந்த வைல்ட் பில் ஹிக்காக் பின்புறமிருந்து சுடப்பட்டு இறந்தார். அக்கொலைக்குக் காரணம் எதுவாயினும், மேசைக்குத் துப்பாக்கியோடு வருவது அக்காலத்தின் இயல்பு என்பதை அது காட்டும்.

சீட்டு வழங்கும் முறை யாருடையது என்று அறிய, ஓர் அடையாளப் பொருளை ஆள் மாற்றி ஆள் நகர்த்தி வந்தனர். அதன் பெயர் 'பக்'. பொறுப்பைத் தட்டிக் கழித்து அடுத்தவர் தலையில் கட்டுவதை 'பக்கை நகர்த்துதல்' என ஆங்கிலத்தில் கூறும் வழக்கு இந்த மேசையிலிருந்து பிறந்ததே. பொறுப்பு தம்மோடு நிற்கிறது என்று பொருள்படும் வாசகத்தை அதிபர் ட்ரூமன் தம் மேசையில் எழுதி வைத்ததும் இச்சொல்லைக் கொண்டுதான். ஒரு சொல்லின் பயணத்தில் ஓர் ஆட்டத்தின் அறச்சிக்கல் முழுவதும் அடங்கிவிடுவது மொழி பயில்வோர்க்கு வியப்பளிக்காது.

1936 முதல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே கார்டினா நகரில் தோன்றிய சீட்டு மன்றங்களிலும் வழங்கும் கை ஆட்டக்காரருடையதாகவே இருந்தது. மன்றம் இருக்கைக்கு நேரக் கணக்கில் கட்டணம் வாங்கியது. பூசல் எழுந்தால் தீர்க்க ஒரு மேற்பார்வையாளர் கூடத்தில் உலாவினார். 1931இல் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்த நெவாடாவின் கூடங்களில் வேறொரு முறை வேரூன்றியது. ஆட்டத்தில் பங்கில்லாத, சம்பளம் பெறும் டீலர் மேசையின் நடுவே அமர்ந்தார். சீட்டைக் கலைப்பதும் வழங்குவதும், பந்தயம் சரிதானா என்று பார்ப்பதும், வென்றவர் யார் எனக் கண்டு தொகையை அவர் பக்கம் தள்ளுவதும் அவர் பணி. 1970இல் பென்னி பினியன் தம் ஹார்ஸ்ஷூ விடுதியில் தொடங்கிய உலகப் போக்கர் தொடர் இந்த டீலரை உலகறியச் செய்தது.

வஞ்சனை பெருமளவு ஒழிந்தது. ஆனால் வேறொரு தீமை புகுந்தது. தோற்றவனுக்குத் தன் விதியைக் கடிந்துகொள்ள இப்போது ஒரு முகம் கிடைத்துவிட்டது. கடைசிச் சீட்டு தன்னைக் கவிழ்த்தால், அதைத் திருப்பிப் போட்ட கையின்மேல் சினம் பாய்கிறது. சீட்டை டீலரின் முகத்தை நோக்கி எறிவதும், அவர் பிறப்பையும் அறிவையும் பழிப்பதும் நெடுங்காலம் மேசையின் வழக்கமாகவே சகித்துக்கொள்ளப்பட்டன. காரணம் வெளிப்படை. டீலரின் அடிப்படைச் சம்பளம் சிறிது. வருவாயில் பெரும்பகுதி, வென்றவர்கள் மனமுவந்து தரும் அன்பளிப்பு. இன்று ஏசுபவன் நாளை ஈபவன். பெரும்பணம் கொண்டுவரும் வாடிக்கையாளரைக் கண்டிக்க விடுதிக்கும் மனம் வராது. இவ்விரண்டுக்கும் இடையில் அமர்ந்திருப்பவரிடம் பொறுமையைக் கற்பித்தால் மட்டும் போதுமா?

நல்ல டீலருக்குப் பயிற்சியில் சொல்லித் தரப்படுவதை முதலில் நோக்குவோம். பண்பின்மை ஒரே வகையினதன்று. வெற்றி உறுதியென அறிந்தும் எதிராளியை நம்பவைத்து, நெடுநேரம் காத்துச் சீட்டைத் திருப்புபவன் விதியை மீறவில்லை, இரக்கமற்று நடக்கிறான். அங்கே டீலர் முகம் சுளிப்பதற்கும் இடமில்லை. முறை வருமுன் பந்தயம் வைப்பவனையும், தான் கைவிட்ட சீட்டு எதுவென்று வாய்விட்டுச் சொல்பவனையும் அப்படி விட இயலாது. அவர்கள் பிறர் ஆட்டத்தைக் கெடுக்கிறார்கள். இங்கே மேசை முழுவதற்கும் பொதுவாக, அமைந்த குரலில் விதியை ஒருமுறை நினைவூட்ட வேண்டும். மூன்றாவது வகை வசைமொழியும் மிரட்டலும். அப்போது டீலர் செய்ய வேண்டியது ஒன்றே: கையை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரை அழைப்பது. வந்தவரிடம் கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். ஏசியவனோடு வாதிடலாகாது, ஏச்சுக்கு ஆளானவருக்குப் பரிந்தும் பேசலாகாது. தீர்ப்பு அவருடையதன்று. தீர்ப்புச் சொன்ன கணத்திலேயே அவரும் ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுவார். அடுத்து அவர் வழங்கும் ஒவ்வொரு சீட்டும் ஐயத்துக்குள்ளாகும். ஆட்டத்தை நிறுத்துவது மட்டுமே அவர் கையில் உள்ள ஆற்றல். அது சிறிதன்று, அத்தினாபுரத்தில் அந்த ஒன்றைத்தான் எவரும் செய்யவில்லை.

ஆனால் அழைக்கப்பட்டவர் என்ன செய்வார் என்பதற்கு நெடுங்காலம் பொது விதி இல்லை. ஒரு கூடத்தில் குற்றமானது அடுத்த கூடத்தில் வேடிக்கை. 2001இல் மாட் சாவேஜ், லிண்டா ஜான்சன், ஜேன் ஃபிஷர், டேவிட் லாம்ப் ஆகிய நால்வரும் போட்டி இயக்குநர் சங்கத்தை நிறுவி, விதிகளைப் பொதுமைப்படுத்த முனைந்தனர். ஆட்டத்தின் நலனும் நேர்மையுமே தீர்ப்பில் தலையாயவை என்பது அவ்விதிகளின் முதற்கூற்று. எச்சரிக்கை, சில ஆட்டங்களுக்கோ சுற்றுகளுக்கோ விலக்கு, இறுதியாகப் போட்டியிலிருந்தே நீக்கம் எனத் தண்டனைகள் படிப்படியாக ஏறும். விலக்கப்பட்டவர் மேசையை விட்டு அகன்று நிற்க வேண்டும். அவர் இல்லாதபோதும் கட்டாயப் பந்தயம் அவர் வில்லைகளிலிருந்து எடுக்கப்படும். வாய் செய்த குற்றத்துக்குக் கைப்பொருள் கரைகிறது.

விதி எழுதப்பட்டதும் கதை இனிதே முடிந்ததா? 2003இல் 839 பேர் ஆடிய உலகத் தொடரின் முதன்மைப் போட்டி, 2006இல் 8,773 பேரை ஈர்த்தது. தொலைக்காட்சி வந்தது, சினந்து கத்துபவர் காண்போருக்கு விருந்தானார். 2008இல், 1989ஆம் ஆண்டின் வாகையரான ஃபில் ஹெல்மத், சிறு சீட்டுகளை வைத்துத் தம்மை வென்ற கிறிஸ்டியன் டிராகோமிர் என்பவரை மேசையில் கடுமையாக ஏசினார். மேற்பார்வையாளர்கள் ஒரு சுற்று விலக்கு விதித்தனர். மறுநாள் ஆட்டம் தொடங்குமுன், தொடரின் ஆணையர் ஜெஃப்ரி போலக் அத்தண்டனையை நீக்கிவிட்டார். தண்டனை குற்றத்தின் அளவை மீறியது என்பது அவர் கருத்து. மேல்முறையீடு என்ற ஒன்று எந்த நீதிமுறைக்கும் வேண்டியதே. அதை நாம் மறுக்கவில்லை. எனினும் பெயர் பெறாத ஓர் ஆட்டக்காரருக்கு அந்தக் கதவு திறந்திருக்குமா என்ற கேள்வி எஞ்சுகிறது. அதனினும் பெரிய கேள்வி, அன்று அக்கூடத்தில் சீட்டு வழங்கிக்கொண்டிருந்த டீலர்களைப் பற்றியது. அடுத்த முறை ஒரு புகழ்பெற்றவர் வரம்பு மீறும்போது மேற்பார்வையாளரை அழைக்க அவர்களுக்குத் துணிவு வருமா?

டீலருக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் அனைத்தும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்பவை: அழைத்தால் ஒருவர் வருவார், வந்தவர் சொல் நிற்கும். அந்த நம்பிக்கை இருக்கும்வரை அவருடைய மௌனத்துக்குப் பெயர் நடுவுநிலைமை. அது தளர்ந்தபின் அதே மௌனத்துக்குப் பெயர் அச்சம். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மேசையின் நடுவே அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே வேறுபாடு தெரியும். 'பக்' என்ற அந்தப் பழைய அடையாளம் இன்று வெண்ணிற வட்ட வில்லையாக மாறி, அமெரிக்க மேசைகளில் ஆள் மாற்றி ஆள் நகர்ந்துகொண்டிருக்கிறது. அதை ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நகர்த்தி வைப்பவரும் அந்த டீலரே.