மகுடத்தை ஈழத்தில் வைத்தவன்

வெள்ளூர்ப் போர்க்களத்தை இந்த வாரம் காட்டுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். பாண்டியனும் அவனுக்குத் துணைவந்த ஈழப்படையும் ஒருபுறமும், முதற் பராந்தக சோழனும் அவனுடைய சிற்றரசர்களும் மறுபுறமுமாக அணிவகுத்து நின்ற அந்தக் களம், சுமார் 915-ஆம் ஆண்டிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. இன்னும் சற்றுக் காத்திருக்க அதற்கு ஆட்சேபம் இராது. நா. பார்த்தசாரதியின் ‘பாண்டிமாதேவி’யைப் படித்துவிட்டு, வானவன்மாதேவி என்று ஓர் அரசியும் இராசசிம்மன் என்று ஓர் அரசகுமாரனும் மெய்யாகவே இருந்தார்களா, அன்றி எல்லாம் ஆசிரியரின் கற்பனைதானா என்று வினவும் அன்பர்களை முதலில் திருச்செந்தூருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

கடலாடி, நாழிக்கிணற்றில் நீராடி, செந்திலாண்டவனைத் தரிசித்து, இலை விபூதியை மடியில் முடிந்துகொண்டு திரும்புகிற லட்சோபலட்சம் பக்தர்களில், இக்கோயிலில் ஒரு பாண்டிய மன்னனின் கணக்கோலை கல்லிலே இருக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே. அம்மன்னன் இரண்டாம் வரகுணன். இராசசிம்மனுக்குப் பெரிய தகப்பனார். ஐவர்மலைக் கல்வெட்டு சக வருஷம் 792-ஐ, அதாவது கி.பி. 870-ஐ, அவனுடைய எட்டாம் ஆட்சியாண்டு என்று சொல்லிவிடுவதால், அவன் 862-இல் பட்டமெய்தினான் என்று கணக்கிட்டுவிடலாம். பண்டைப் பாண்டிய சரித்திரத்தில் இவ்வளவு கெட்டியான தேதி கிடைப்பது அபூர்வம். அவனுடைய பதின்மூன்றாம் ஆண்டில் முருகனின் ஆண்டு முழுவதற்குமான வழிபாட்டுக்கென 1,400 பழங்காசு ஒதுக்கப்பட்டது. இருப்பைக்குடி கிழவன், சாத்தம்பெருமான், அளாற்றூர் நாட்டுக்கோன் என்னும் மூன்று அதிகாரிகள் அதைக் கொற்கை முதலிய ஊர்களின் சபைகளிடம் பகிர்ந்து ஒப்படைத்தார்கள். முதல் குறையலாகாது, காசொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் பொலிசையாக அளந்துவிட வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 2,800 கலம். பூசைக்கும் அமுதுபடிக்கும் இன்னது இன்னது என்று அக்கல்வெட்டு எண்ணி எண்ணிச் செலவெழுதிச் செல்கிற பான்மையைக் காணும்போது, இதை வெட்டுவித்தவன் சிம்மாசனத்தில் வீற்றிருந்த மன்னனா, அல்லது பண்டகசாலையில் பேனா பிடித்த கணக்குப்பிள்ளையா என்று எனக்கு ஐயமே உண்டாவதுண்டு. அந்த ஐயத்தைப் பெரும் பாராட்டாகவே சொல்கிறேன். ஊர்ச் சபை வாக்குத் தவறாது நெல்லளக்கும் என்று நம்பி மூலதனத்தை விட்டுச் செல்கிற அரசன், தனக்குப் பின்னும் இந்த நாடு ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிறவன்.

அந்த நம்பிக்கை நீண்ட நாள் நிலைக்கவில்லை. சுமார் 880-இல் திருப்புறம்பியத்தில் வரகுணன் தோற்றான். ‘பொன்னியின் செல்வ’னில் ரவிதாஸன் கூட்டத்தார் நள்ளிரவில் கூடுகிற பள்ளிப்படை, அந்தப் போரில் சோழர் பக்கம் நின்று மாண்ட கங்க மன்னன் பிரிதிவீபதிக்கு எழுப்பியதுதான். வரகுணனுக்குப் பின் அவன் தம்பி பராந்தக வீரநாராயணன் ஆண்டான். அவன் தேவியே வானவன்மாதேவி, மகனே இராசசிம்மன்.

இராசசிம்மனைக் கோழை என்று நினைப்பவர்கள் சின்னமனூர்ச் செப்பேட்டை ஒருமுறை புரட்ட வேண்டும். தன் பதினாறாம் ஆட்சியாண்டில் அவன் அளித்த அந்தத் தானப் பட்டயம், நெய்ப்பூரில் தஞ்சையர் கோனை வென்றான், கொடும்பையில் பொருதான், வஞ்சியை எரித்தான், நாவலில் தென்தஞ்சைக் கோனை முறியடித்தான் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டு போகிறது. மன்னர்கள் தம் செப்பேட்டில் தம்மைத் தாழ்த்தி எழுதுவதில்லைதான். ஆயினும் பதினாறு ஆண்டுகள் சோழப் பெருவெள்ளத்துக்கு அணை போட்டு நின்றவனைக் கோழை என்பது நமக்கு அழகன்று. கொடும்பை என்பது கொடும்பாளூர். வானதியின் பிறந்தகம் என்று கல்கியின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவனைப் பற்றிய மிகச் சுவையான சாட்சியம் தமிழிலில்லை. இலங்கையின் மகாவம்சத்தில் இருக்கிறது. பாண்டியன் உதவி கேட்டதும் ஐந்தாம் காசியபன் ஒரு சேனாபதியோடு படையனுப்பினான் என்றும், தோல்விக்குப் பின் அச்சேனாபதி கொள்ளை நோயில் மாண்டதால் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டான் என்றும் அந்நூல் கூறுகிறது. பின்னர்த் தப்புலன் என்னும் மன்னன் காலத்தில் பாண்டியனே அடைக்கலம் தேடிக் கடல் கடந்தான். தப்புலன் அவனை உபசரித்து நகருக்கு வெளியே குடியமர்த்தி, சோழன்மேல் படையெடுக்கவும் உத்தேசித்தான். அதற்குள் ஈழத்துப் பிரபுக்களுக்குள் கலகம் மூண்டது. இனி இங்கே ஆவதொன்றில்லை என்று கண்ட பாண்டியன், தன் மகுடத்தையும் பிற அரச சின்னங்களையும் அங்கேயே விட்டுவிட்டுச் சேரநாட்டுக்குப் போய்விட்டான். சேரநாடு அன்னையின் பிறந்தகம். நாடிழந்தவனுக்குத் தாய்வழி உறவே கடைசிப் புகல் என்பது நம் குடும்பங்களிலும் நடப்பதே. கலகம் செய்த அந்தப் பிரபுக்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வானவன்மாதேவியைப் பற்றிச் செப்பேடு சொல்வது பெயரும் உறவுமே. பார்த்தசாரதி செய்தது இதுதான்: மகனின் வீரம் எழுதிய செப்பேட்டில் ஒரு மூலையில் ஒதுங்கி நின்ற அன்னையை நாவலின் நடுவில் வீற்றிருக்கச் செய்து, அவள் பெயரையே கதைக்கும் சூட்டினார். அவளுக்குத் துணையாக அவர் படைத்த மகாமண்டலேசுவரர் இடையாற்றுமங்கலம் நம்பியைச் சிலர் வில்லன் என்கிறார்கள். எனக்கோ அக்கதையில் மூளையுள்ள ஒரே மனிதர் அவராகவே படுகிறது. ‘பொன்னியின் செல்வ’னிலும் வானமாதேவி உண்டு என்று குழம்பாதீர்கள், அவர் சுந்தர சோழரின் பட்டத்தரசி, மலையமான் மகள், கணவருடன் உடன்கட்டையேறியவர். அவர் வேறு, நம் பாண்டிமாதேவி வேறு.

மகுடம் என்னவாயிற்று? மதுரையைக் கொண்ட பராந்தகன், பாண்டியரின் மகுடத்தையே சூடிப் பாண்டிய நாட்டில் முடிசூட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, நான்காம் உதயனிடம் தூதனுப்பினான். உதயனோ மதுப்பிரியன், சோம்பேறி என்று மகாவம்சமே ஒளிக்காமல் சொல்கிறது. ஆனால் அந்தக் குடிகாரன் மகுடத்தைத் தர மறுத்தான்! சோழப்படை வந்தது, சேனாபதி மாண்டான், உதயன் மகுடத்தைத் தூக்கிக்கொண்டு ரோகணத்துக்குள் புகுந்துவிட, சோழர் அங்கே நுழைய மாட்டாமல் திரும்பினார்கள். பெரும் வீரன் ஒருவனால் காக்க முடியாத பொருளை ஒரு மதுப்பிரியன் காத்துத் தந்தான். உதயனிடம் எனக்கு ரகசியமாக ஒரு பிரியம் உண்டு.

சுந்தர சோழர் காலத்திலும் படை போயிற்று. கொடும்பாளூர்ச் சிறிய வேளான் ஈழத்தில் பட்டான். அவன் மகளே வானதி என்று கல்கி கதை கட்டினார். பிறகு, மகுடம் கைமாறி சுமார் ஒரு நூற்றாண்டு கழித்து, 1017-ஐ ஒட்டி முதலாம் ராஜேந்திரனின் சேனை ஐந்தாம் மகிந்தனையும் அவனிடமிருந்த அரச சின்னங்களையும் கைப்பற்றிற்று. அவற்றுள் தென்னவன் முன்பு வைத்துப்போன சுந்தர முடியையும் இந்திரன் ஆரத்தையும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்த ராஜேந்திரனைப் பெற்ற திரிபுவனமாதேவிக்கும் வானவன்மாதேவி என்றே ஒரு பெயருண்டு. ஒரு வானவன்மாதேவியின் மகன் வைத்துப்போன முடியை, இன்னொரு வானவன்மாதேவியின் மகன் எடுத்துக்கொண்டான்! சரித்திரம் எழுதுகிறவனுக்கு இத்தகைய விபத்துகள் வாய்க்கும்போது, நாவல் எழுதுகிறவர்கள்மேல் பொறாமை சற்றுக் குறைகிறது.

இதழில் எனக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டது. வெள்ளூருக்கு நாம் போய்ச் சேரவில்லை. அடுத்த வாரம் நிச்சயம் போவோம். அங்கே சோழனுக்காகப் பொருது வென்றவன் என்று பராந்தகனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று ஒருவனைக் குறிக்கிறது: பழுவேட்டரையன் கண்டன் அமுதன். பூமாலை கட்டுகிற சேந்தன் அமுதனல்லன் இவன். பெரிய பழுவேட்டரையரின் அறுபத்து நான்கு விழுப்புண்களைக் கல்கியின் மிகைப்படுத்தல் என்று நகைப்பவர்கள் அவனை வந்து பார்க்கட்டும்.