அடுக்கும் முறைகளின் வரலாறு

திருநெல்வேலியில் தபால் பெட்டியில் இடப்பட்ட ஒரு கடிதம், மும்பை மாதுங்காவில் வாழும் மகன் கையில் வந்து சேர்கிறது. இடையில் அது எத்தனை கைகள் மாறிற்று என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்னாட்களில் இரவு ரயிலோடு இணைத்த தபால் வண்டியில், சுவரெங்கும் புறாக்கூடு போன்ற சிறு அறைகள் அமைந்திருக்கும். ஆர். எம். எஸ். சார்ட்டர்கள் ஆடும் வண்டியில் நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாக அவ்வறைகளில் இட்டுக்கொண்டே செல்வார்கள். அடுத்த சந்திப்பு வருவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். தவறான அறையில் விழுந்த கடிதம் வேறொரு திசையில் நெடுந்தொலைவு போய்த்தான் திரும்பும்.

1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஆறு இலக்கப் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. முகவரி எந்த மொழியில் எழுதப்பட்டிருப்பினும், ஒரே பெயருள்ள ஊர்கள் எத்தனை இருப்பினும், எண் ஒன்றே வழி காட்டும் என்பது அதன் கருத்து. மாதுங்காவின் எண் 400019. முதலில் நிற்கும் 4, நாட்டின் மேற்குப் பகுதியைச் சுட்டுகிறது; முதல் மூன்று இலக்கங்களும் சேர்ந்து மும்பையைச் சுட்டுகின்றன; எஞ்சிய மூன்றும் மாதுங்கா அஞ்சலகத்தைக் காட்டுகின்றன. இடப்புறத்திலிருந்து இலக்கம் இலக்கமாகப் பிரித்துக்கொண்டே போனால் கடிதம் வீடு சேர்ந்துவிடும்.

திரளாகக் கிடப்பவற்றை ஒழுங்காக அடுக்குவது எப்படி, அதையும் விரைவாகச் செய்வது எப்படி என்ற இந்தக் கேள்விதான், பிற்காலத்தில் கணிப்பொறி விஞ்ஞானத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்றாயிற்று. 1960ஆம் ஆண்டுகளில் கணிப்பொறிகள் உழைத்த நேரத்தில் கால் பங்குக்கு மேல் அடுக்கும் வேலைக்கே செலவாயிற்று என்று அவற்றைச் செய்து விற்றவர்கள் மதிப்பிட்டனர். யந்திரத்தின் வேகம் கூடக்கூட வேலையும் தானே விரைவாகும் என்று நாம் நினைப்பது இயல்பு. வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. பெரிய ஆதாயங்கள் பலவும், வேலையை எந்த முறையில் செய்வது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்ததால் வந்தவை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1880ஆம் ஆண்டு எடுத்த ஜனத்தொகைக் கணக்கைத் தொகுத்து முடிக்க ஏறத்தாழ 8 ஆண்டுகள் பிடித்தன. அடுத்த கணக்கெடுப்பு வாசலில் வந்து நின்றது. அந்தக் கணக்குப் பணியில் இருந்த ஹெர்மன் ஹாலரித் என்னும் பொறியியலாளர், ஆளுக்கு ஓர் அட்டை வைத்து, வயது, பிறந்த நாடு, தொழில் முதலியவற்றை அதில் துளைகளாகக் குறிக்கும் முறையை வகுத்தார். யந்திரத்தின் ஊசிகள் துளை வழியே இறங்கிப் பாதரசத்தைத் தொட்டவுடன் மின்சாரம் பாயும். எண்ணும் முள் ஒன்று நகரும். அருகில் உள்ள பெட்டியில் ஓர் அறையின் மூடி தானே திறக்கும். எழுத்தர் அட்டையை அந்த அறையில் போட்டு மூட வேண்டியதுதான். 1890ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் ஜனத்தொகை 6 கோடியே 26 லட்சம் என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. ஹாலரித் தொடங்கிய நிறுவனம் வேறு நிறுவனங்களோடு இணைந்து, 1924இல் ஐ. பி. எம். என்ற பெயர் பெற்றது.

நம் நாட்டில் இதே வேலை கைகளால் நடந்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சீட்டு முறை புகுந்தது. கணக்கேட்டில் உள்ள ஒவ்வோர் ஆளின் விவரமும் தனிச் சீட்டில் பெயர்த்து எழுதப்பட்டது. சமயத்தை நிறத்தாலேயே அறியும்படி வெவ்வேறு நிறச் சீட்டுகள் இருந்தன. அவ்வாண்டின் ஜனத்தொகை ஏறத்தாழ 29 கோடி. அத்தனை சீட்டுகளையும் எழுத்தர்கள் சிறு அறைகளில் இட்டுப் பிரித்து, கட்டிக் கட்டி எண்ணினார்கள். வயதுக்கு ஒரு முறை, தொழிலுக்கு ஒரு முறை, பேசும் மொழிக்கு ஒரு முறை என்று அதே சீட்டு மீண்டும் மீண்டும் பிரிபட்டது. சொந்த ஊரை விட்டு வந்து கல்கத்தாவிலும் மும்பையிலும் குடியேறிய தமிழர் எத்தனை பேர் என்பது, அந்தச் சீட்டு சரியான அறையில் விழுந்ததா என்பதைப் பொறுத்தே இருந்தது. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வேண்டும் என்று கேட்டுச் செல்வோரைப் பார்த்து முதலில் எழும் கேள்வி, நீங்கள் எத்தனை பேர் என்பதுதானே! 1961ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள் கூறிய தாய்மொழிப் பெயர்களை வகைப்படுத்தியபோது 1652 பெயர்கள் நின்றன என்றால், பிரிப்பவரின் பொறுப்பு எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

துளையட்டை யந்திரங்கள் வளர்ந்தபோது ஒரு விசித்திரமான முறை வழக்கில் வந்தது. நேயர்கள் இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஆயிரம் அட்டைகளில் 000 முதல் 999 வரையுள்ள எண்கள் கலைந்து கிடக்கின்றன என்று கொள்வோம். யந்திரம் ஒரு சமயத்தில் ஓர் இலக்கத்தை மட்டுமே பார்த்துப் பத்துக் குவியல்களாகப் பிரிக்கும். எந்த இலக்கத்திலிருந்து தொடங்குவது? நூறாம் இலக்கத்திலிருந்து என்றுதான் எவரும் சொல்வர். ஆனால் அப்படித் தொடங்கினால் முதலில் பத்துக் குவியல், அடுத்து ஒவ்வொன்றும் பத்தாகி நூறு குவியல், பின்னர் ஆயிரம். அத்தனையையும் தனித்தனியே காத்து வைக்க மேசை போதாது.

யந்திரத்தை இயக்கியவர்கள் கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கினார்கள். முதலில் ஒன்றாம் இலக்கப்படி பிரித்து, பத்துக் குவியல்களையும் வரிசை மாறாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். அந்த ஒரே கட்டைப் பத்தாம் இலக்கப்படி பிரித்து மீண்டும் சேர்ப்பார்கள். மூன்றாவதாக நூறாம் இலக்கம். மூன்றே சுற்றில் ஆயிரம் அட்டைகளும் ஏறுவரிசையில் நிற்கும். பாதி வேலையில் பார்ப்பவனுக்கு எல்லாம் முன்னிலும் குழம்பிக் கிடப்பது போலவே தோன்றும். கடைசிச் சுற்றில்தான் திடீரென ஒழுங்கு வெளிப்படும். இதற்கு நிபந்தனை ஒன்றே: ஒரே குவியலில் விழும் அட்டைகள், முன் இருந்த வரிசையை விட்டு மாறக் கூடாது. 145உம் 147உம் பத்தாம் இலக்கத்தில் ஒரே குவியலில் விழும்போது, முதற்சுற்றில் பெற்ற முன்பின் முறை கெடாமல் இருந்தால்தான் முடிவு சரியாகும். கட்டைக் கீழே சிந்திவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. ஐ. பி. எம். 082 என்ற யந்திரம் நிமிடத்துக்கு 650 அட்டைகளை இவ்வாறு பிரித்தது.

தபால்காரர் இடப்புறத்திலிருந்து பிரிக்கிறார். அட்டைக்காரர் வலப்புறத்திலிருந்து பிரிக்கிறார். இருவரும் செய்தது சரியே. கடிதக் கட்டுகள் தனித்தனி ஊர்களுக்குப் பிரிந்து போய்விடுகின்றன; ஆயிரம் குவியலுக்கும் நாடு முழுவதும் இடம் உண்டு. அட்டைகளோ ஒரே மேசையில் மீண்டும் ஒரே கட்டாகச் சேர வேண்டியவை.

1945ஆம் ஆண்டில் ஜான் வான் நியூமன் என்னும் கணித மேதை, எட்வாக் என்ற மின்னணுக் கணிப்பொறிக்காக ஒரு கட்டளைத் தொகுப்பை எழுதினார். அந்தக் கணிப்பொறி அப்போது கட்டப்படவேயில்லை. அவர் கைப்பட எழுதிய தாள்களின் முதற்பக்கத்தில், பரம ரகசியம் என்று பென்சிலால் எழுதி அழித்த தடம் இருந்தது. உள்ளே இருந்த ரகசியம் எண்களை ஏறுவரிசையில் அடுக்கும் வேலைதான்! கூட்டிப் பெருக்குவதற்கென்றே எண்ணப்பட்ட யந்திரம், கணக்கல்லாத வேலையையும் செய்ய வல்லதா என்று சோதித்துப் பார்க்கவே அவர் அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் கைக்கொண்ட முறை இணைப்பு முறை. உயரப்படி நிற்கும் இரண்டு பிள்ளை வரிசைகளை ஒன்றாக்க வேண்டுமானால், இரு வரிசையின் முன்னால் நிற்பவர்களை மட்டும் ஒப்பிட்டு, குட்டையானவனை அழைத்துக்கொண்டே போனால் போதும்; பின்னால் நிற்பவர்களைப் பார்க்க வேண்டியதில்லை. தனி ஒருவன் நிற்பதும் ஒரு வரிசைதான். ஒருவரும் ஒருவரும் சேர்ந்து இருவர் வரிசை. அவை சேர்ந்து நால்வர், பின்னர் எண்மர். இப்படி இரட்டித்துப் போனால் ஆயிரம் பேருக்குப் பத்துச் சுற்று. பத்து லட்சம் பேருக்கும் இருபதே சுற்று.

அடுத்தடுத்து நிற்கும் இரண்டை ஒப்பிட்டு, முறை தவறியிருந்தால் இடம் மாற்றிக்கொண்டே போகும் முறை ஒன்று உண்டு. நீர்க்குமிழி மேலெழுவது போல் பெரிய எண் மெல்ல மேலே வருவதால் அதற்குக் குமிழி முறை என்று பெயர். பத்து லட்சம் எண்களை அம்முறையில் அடுக்க, ஏறத்தாழ 50 ஆயிரம் கோடி ஒப்பீடுகள் வரை தேவைப்படும். இணைப்பு முறைக்கு 2 கோடிக்கும் குறைவே. வினாடிக்குப் பத்து லட்சம் முறை ஒப்பிடும் ஒரே யந்திரத்திடம் இரண்டு வேலையையும் கொடுத்தால், முன்னதற்கு ஏறத்தாழ ஆறு நாட்கள் ஆகும். பின்னது இருபது வினாடிக்குள் முடிந்துவிடும்.

எனியாக் கணிப்பொறியில் பணியாற்றிய ஆறு பெண்மணிகளுள் ஒருவரான பெட்டி ஹோல்பர்டன், 1951இல் யூனிவாக் கணிப்பொறிக்காக இன்னும் ஒரு படி மேலே சென்றார். பதிவுகளின் அமைப்பை மட்டும் சொன்னால் போதும். அதற்கேற்ற அடுக்கும் கட்டளைத் தொகுப்பைக் கணிப்பொறியே எழுதித் தரும்படி செய்தார். இந்த அம்மையாரின் பெயர் உரிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

இனி மாஸ்கோவுக்குச் செல்வோம். அங்கே 1959இல் பல்கலைக்கழக மாணவராகத் தங்கியிருந்தார் டோனி ஹோர் என்ற இளைஞர். 1934இல் கொழும்பில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியமும் தத்துவமும் கற்றவர். கடற்படைச் சேவையில் ருஷ்ய மொழி பயின்றவர். ருஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு யந்திரத்தால் மொழிபெயர்க்கும் முயற்சியில் அவருக்கு ஆர்வம் ஏற்பட்டது. அகராதி முழுவதும் காந்த நாடாவில் அகர வரிசைப்படி பதிந்திருந்தது. வாக்கியத்தில் சொற்கள் வந்த முறையிலேயே தேடினால் நாடாவை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருக்க நேரிடும். வாக்கியத்தின் சொற்களை முதலில் அகர வரிசையில் அடுக்கிக்கொண்டால், நாடா ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றுக்கும் பொருள் தந்துவிடும். ஆக, அடுக்க ஒரு வழி வேண்டும்.

அவர் முதலில் நினைத்தது குமிழி முறைதான். அது மிக மெதுவானது என்று உடனே கண்டு, வேறொன்றைச் சிந்தித்தார். திரளிலிருந்து ஒரு சொல்லை எடுத்து நடுவராக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வரவேண்டிய சொற்களை ஒரு பக்கமும், பின் வரவேண்டியவற்றை மறுபக்கமும் ஒதுக்குங்கள். நடுவர் இப்போது தமக்குரிய இடத்திலேயே நிற்கிறார். இனி அவரை அசைக்க வேண்டியதில்லை. இரு பக்கத்திலும் இதையே மீண்டும் செய்யுங்கள். சொல்வதற்கு எளியது. ஆனால் எழுதத் தொடங்கியபோது, காத்திருக்கும் பகுதிகளை நினைவில் வைப்பது எவ்வாறு என்ற இடத்தில் அவர் தடுமாறினார்.

1960இல் இங்கிலாந்து திரும்பி எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தபோது, டொனால்டு ஷெல் 1959இல் வெளியிட்டிருந்த அடுக்கும் முறையை அங்கிருந்த கணிப்பொறிக்கு எழுதித் தரும்படி பணித்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, இதனினும் விரைவான வழி தமக்குத் தெரியும் என்றார். மேலதிகாரி ஆறு பென்னி பந்தயம் கட்டினார், தோற்றார். விஞ்ஞான வரலாற்றில் இவ்வளவு மலிவாக முடிந்த பந்தயம் வேறு இருக்குமா என்பது ஐயமே. அடுத்த ஆண்டு, ஒரு கட்டளைத் தொகுதி தன்னைத் தானே அழைத்துக்கொள்ள இடம் தரும் ஆல்கால் 60 மொழியைப் பிரைட்டன் நகரில் கற்ற பிறகே, அந்த முறையைத் தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுத அவரால் முடிந்தது. 1961 ஜூலையில் அது அச்சேறியது. விரைவு அடுக்கு என்பது அதன் பெயர்.

அதற்கு ஒரு குறையும் உண்டு. நடுவராக எடுத்தது ஒவ்வொரு முறையும் கடைக்கோடியில் நிற்கவேண்டிய சொல்லாகவே அமைந்துவிட்டால், ஒரு பக்கம் வெறுமையாகி, வேலை குமிழி முறையின் அளவுக்கே இறங்கிவிடும். முதற்சொல்லையே நடுவராக எடுப்பவனுக்கு, முன்னமே ஒழுங்காக இருக்கும் பட்டியல்தான் இந்தத் தொல்லையைத் தரும் என்பது வேடிக்கை. ஹோர் இதை அறிந்தே, நடுவரை எழுந்தமானமாகப் பொறுக்குமாறு வகுத்திருந்தார். 1964இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் என்பவர் கண்ட குவியல் முறையில் இந்த அபாயம் அறவே இல்லை.

இன்னும் எவ்வளவு விரைவாக்கலாம்? இதற்கு ஓர் எல்லை உண்டு. மூன்று பொருள்கள் ஆறு விதமாக நிற்கலாம். ஒப்பீடு ஒவ்வொன்றும் ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளில் ஒன்றையே தரும். ஆகவே இரண்டு ஒப்பீடுகளால் நான்கு விதங்களுக்கு மேல் பிரித்தறிய இயலாது. மூன்றாவது ஒன்று எப்படியும் தேவைப்படும். இதே கணக்கைப் பத்து லட்சம் பொருள்களுக்குப் போட்டால், எத்தனை பெரிய மேதை வந்தாலும் ஏறத்தாழ 1 கோடியே 85 லட்சம் ஒப்பீடுகளுக்குக் குறைத்து எல்லாச் சமயத்திலும் அடுக்கிவிட முடியாது. வான் நியூமன் 1945இல் எழுதிய அம்முறை அந்த எல்லைக்கு மிக அருகிலேயே நின்றுவிட்டது. அட்டை யந்திரம் இந்த எல்லைக்கு உட்படாததற்குக் காரணம், அது எதையும் எதனோடும் ஒப்பிடுவதில்லை. இலக்கத்தைப் பார்த்து இடம் காட்டுவதோடு சரி.

எல்லை தெரிந்த பிறகும் முன்னேற்றம் நின்றுவிடவில்லை. உலகில் நம் கைக்கு வரும் பட்டியல்கள் முழுவதும் கலைந்தவையாக வருவது அரிது; ஆங்காங்கே ஒழுங்கான துண்டுகள் கிடக்கும். 2002இல் டிம் பீட்டர்ஸ் என்பவர் பைத்தான் மொழிக்காக எழுதிய முறை, முதலில் அத்துண்டுகளைத் தேடிக் கண்டு, அவற்றைக் கலைக்காமல் வான் நியூமன் வழியிலேயே இணைத்துச் செல்கிறது. தபால் வண்டிச் சார்ட்டர்களும், சந்திப்பில் ஏற்றிய பைக்குள் ஒரே ஊருக்கென்று முன்னமே கட்டிய கடிதக் கட்டு இருந்தால், அதை அவிழ்க்காமல் அப்படியே எடுத்து உரிய பையில் போட்டுவிடுவார்கள்.